அண்ணன் கொள்ளைக்காரனாக வந்த ஞாயிறு

என் கணவருடைய கம்பெனியில் ஊழியர் குடும்பங்களுக்கென்று கொடுத்த சீட்டு அது. கறுப்புத் தாளில் வெள்ளை மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு. ‘கடற்கொள்ளையர்களோடு இரண்டு நாள், பழவேற்காடு’ என்று போட்டிருந்தது. தீபாவளிக்கு அடுத்து வந்த சனி, ஞாயிறு. எங்கள் ஒன்பது வயது மகள் அதை வாங்கிக்கொண்டு அனுப்பம்பட்டில் எங்கள் தெரு முழுக்க ஓடிக் காட்டிவிட்டு வந்தாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்தில் பிறந்தவள். அந்த ஏரியில்தான் நீந்தக் கற்றுக்கொண்டேன்.

“எங்க ஊருக்குள்ள போறதுக்கு எனக்கே சீட்டா?” என்றேன்.

“உங்க ஊரு வேற, இது வேற. இது மியூசியம்,” என்றார் அவர்.

ஏரிக்கரையில் டச்சுக்காரர் காலத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்று கூரை இடிந்து கிடந்தது. சின்ன வயதில் நாங்கள் அதற்குள் ஆடு தேடிப் போவோம். சென்னையிலிருந்து வந்த ஒரு அறக்கட்டளை அதை எடுத்து, சுண்ணாம்பு பூசி, கூரை போட்டு, வாழும் அருங்காட்சியகம் என்று பெயர் வைத்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துக் காட்டும் இடமில்லை. அந்தக் காலத்து உடையில் ஆட்கள் நடமாடுவார்கள். ஒருவர் கயிறு திரிப்பார், ஒருவர் தறியில் உட்கார்ந்திருப்பார், சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாய் வாசலில் நிற்பார். மாதம் ஒரு வார இறுதியில் ஏதாவது விசேஷம் வைப்பார்கள். அந்த மாதம் கொள்ளையர்.

கொள்ளையர் என்றால் படகு வேண்டும். அங்கேதான் என் அண்ணன் வருகிறான்.

எனக்கு ஒரே அண்ணன். எட்டு வயது பெரியவன். எங்கள் நைனா போன பிறகு குடும்பத்தை அவன்தான் இழுத்தான். நான் நர்சிங் படித்து, பொன்னேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரும் வரை அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பண்டிகை நாளில் இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து ஜனங்கள் போனார்கள். தண்ணீரிலிருந்து உடல்களைத் தூக்கிக் கரையில் போட்டவர்களில் அவனும் ஒருவன். அதற்குப் பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை வந்திருக்காவிட்டாலும் அண்ணன் சவாரிக்கென்று யாரையும் ஏற்றியிருக்கமாட்டான். கல்யாணமான புதிதில் என் கணவர் ஆசையாகக் கேட்டார். “மாப்ள, மீனு ஏத்தற படகு இது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆனால் என் மகள் கேட்டால் அவனுக்கு மறுப்பு வராது. போனில் கூப்பிட்டு, “மாமா, நீதான் கொள்ளைக்காரனா வரணும். வேற யாரும் வேணாம்,” என்றாள். அருங்காட்சியகத்துக்காரர்கள் அவனை முன்பே இரண்டு முறை கேட்டு, அவன் முடியாது என்று அனுப்பியிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவள் கேட்ட மறுநாள் அவனே போய்ச் சரி என்று சொல்லியிருக்கிறான். முட்டியளவு தண்ணீரில் நாடகம்தான், சவாரி இல்லை, அதனால் தடை பொருந்தாது என்று அவர்கள் சொன்னார்களாம்.

சனிக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இருபது குழந்தைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள். பெரும்பாலும் சென்னைக்காரர்கள். தலைக்குச் சிவப்புத் துணி, ஒற்றைக் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, பிளாஸ்டிக் கத்தி. டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்த ஒரு வரைபடம். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். என் கணவர் குனிந்து உட்கார்ந்து தப்புத் தப்பாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு அவர் மேல் பிரியம் பொங்கியது. நெல் விளைக்கிற குடும்பத்தில் பிறந்தவர். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் முகம் வெளுத்துவிடும்.

சாயங்காலம் சிவப்புக் கோட்டுக்காரர் எங்களைக் கிட்டங்கியின் பின்பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னல் இல்லை. மேற்குச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. வெளியே வெயில் இருந்தும் உள்ளே டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சுவரை அவர்கள் பூசவில்லை.

“இந்த மாதிரி ரூம்லதான் மனுஷங்களை வெச்சிருந்தாங்க,” என்றார். “பஞ்ச காலத்துல வித்தவங்க, சண்டையில பிடிபட்டவங்க, ரோட்ல போறப்ப தூக்கிட்டு வந்தவங்க. கப்பல் வர்ற வரைக்கும் இங்க. அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கம். அடிமையா.”

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். என் மகள் மட்டும் கேட்டாள்: “அவங்க அம்மா நைனால்லாம் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களா?”

“இல்ல பாப்பா,” என்றார் அவர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கும் அந்த அறையைப் பற்றி அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் ஆடு தேடிப் போய் ஒளிந்து விளையாடிய அறை அது.

அன்று அண்ணன் வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை ஏழரை மணிக்குப் படகுத்துறைக்குப் போனேன். அண்ணன் ஏற்கெனவே வேஷத்தில் இருந்தான். கண்ணைச் சுற்றி மை, கன்னத்தில் வெட்டுக் காயம் மாதிரி சிவப்புக் கோடு, கறுப்பு அங்கி. ஒரு கணம் எனக்கே யார் என்று தெரியவில்லை. அவன் படகின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இன்ஜின் எங்கண்ணா?”

“கயட்டி வெச்சிட்டேன். கொள்ளைக்காரன் படகுல இன்ஜின் இருந்தா நல்லா இருக்காதாம். கழி போட்டுத் தள்ளினு போனா போதும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி.”

அந்தப் பொண்ணு என்றது அருங்காட்சியகத்தின் ஒருங்கிணைப்பாளரை. முப்பது வயதுகூட இருக்காது. எப்போதும் ஓடிக்கொண்டிருப்பாள்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். மேலே பெய்த மழைத் தண்ணீரும் ஆற்றில் வந்து ஏரி கலங்கலாகக் கிடந்தது. முகத்துவாரம் நன்றாக வாய் திறந்திருந்தது. ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்குவதை எங்கள் பக்கம் வத்தம் என்போம்.

“வத்தம் எப்போ?”

“ஒம்போதரைக்கு மேல. நான் அதுக்குள்ள புள்ளைங்கள எதிர்ல மணல் திட்டுல ஏத்திடுவேன். முட்டியளவு தண்ணிதான் பாப்பா. நடந்தே போலாம்.” அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். பிறகு மேற்கே பொன்னேரிப் பக்கம் பார்த்தான். அங்கே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி மங்கியிருந்தது. “மேல்காத்து மட்டும் கெளம்பாம இருந்தா சரி.”

ஒன்பதரைக்குள் என்று அவன் நினைத்தது பத்தே காலுக்குத்தான் நடந்தது. மேலே பறந்து படம் எடுக்கும் டிரோன் சரியாக ஏறவில்லை. அதற்காகக் காத்திருந்தோம்.

விளையாட்டு இதுதான். கொள்ளையர் படகில் வந்து குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு எதிரே இருக்கும் மணல் திட்டுக்குப் போவார்கள். பெற்றோரைப் பின்பக்கத்து அறையில் போட்டுப் பூட்டுவார்கள். உள்ளே இருக்கும் குறிப்புகளை வைத்துப் புதிருக்கு விடை சொன்னால் கதவு திறக்கும். அப்புறம் பெற்றோர் தண்ணீரில் நடந்து போய்ப் பிள்ளைகளை மீட்க வேண்டும். பூட்டுவதற்கு முன்னால் ‘கொள்ளை’ என்று சொல்லி எல்லோருடைய போனையும் ஒரு மரப்பெட்டியில் வாங்கிப் போட்டார்கள். அதற்கும் சிரித்தோம்.

இரண்டு படகு வந்தது, இரண்டிலும் இன்ஜின் இல்லை. கொள்ளையர் குதித்து ஓடிவந்தார்கள். குழந்தைகள் கத்திக்கொண்டே ஓடினார்கள், பிடிபட ஆசையோடு. அண்ணன் என் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் சிரித்த சிரிப்பு கரையெல்லாம் கேட்டது. அண்ணன் படகில் பதினோரு குழந்தைகளும் கொள்ளையன் வேஷம் போட்ட ஒரு நாடகக்காரரும், மற்றதில் ஒன்பது குழந்தைகள். படத்துக்கு நன்றாக இருக்கும் என்று அண்ணன் படகின் கட்டுக்கயிற்றையே எடுத்து, குழந்தைகளின் மணிக்கட்டில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றி, வரிசையாகக் கோத்து உட்காரவைத்தார்கள். லைஃப் ஜாக்கெட்டுகள் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததால் பலகைக்கு அடியில் போயின.

“கையைக் கட்டறது வேணாம்,” என்றேன்.

“மேடம், சும்மா சுத்தியிருக்கு, அவ்ளோதான். அஞ்சு நிமிஷம்,” என்றாள் ஒருங்கிணைப்பாளர். அண்ணன் என்னைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோல் தலையசைத்தான். என் கணவர் தோளைத் தொட்டு, “எல்லாரும் பாக்கறாங்க,” என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். நான் வருத்தப்படுவது இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். வெளியே தாழ் விழும் சத்தம். இருபத்தைந்து முப்பது பேர், இரண்டு டார்ச். கல்லுக்கு அடியில் ஒரு சீட்டு, பானைக்குள் ஒரு சீட்டு என்று தேட ஆரம்பித்தார்கள். ஒருவர் சத்தமாகப் படித்தார். எல்லோரும் ஆளுக்கொரு விடை சொன்னார்கள். வியர்வை நாற்றமும் வௌவால் நாற்றமும் சேர்ந்து அடித்தன.

நான் சுவரோரம் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலைக்கு மேலே இருந்த ஓட்டையிலிருந்து மண் உதிர்ந்தது. முதலில் எலி என்று நினைத்தேன். பிறகு கழுத்தில் காற்று பட்டது. அது நின்று, மறுபடி இன்னும் வேகமாக வந்தது. ஓட்டை மேற்குச் சுவரில் இருந்தது.

மேல்காத்து. மேற்கிலிருந்து வரும் காற்று எதையும் கரைக்குத் தள்ளாது, கடலுக்குத்தான் தள்ளும். வத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். படகில் இன்ஜின் இல்லை. கட்டுக்கயிறு பதினோரு பிள்ளைகளின் கையில்.

கதவுக்குப் போய் இரண்டு கையாலும் தட்டினேன். “கதவத் தெற! ஆட்டம் போதும், தெற! காத்து கெளம்பிடுச்சி!”

உள்ளே சிரித்தார்கள். ஒரு பெண், “சூப்பரா நடிக்கிறீங்க,” என்றாள். வெளியே ஒருங்கிணைப்பாளரின் குரல் கேட்டது. அவளும் வேஷக் குரலில் பேசினாள்: “புதிருக்கு விடை சொல்லாமல் கதவு திறக்காது, கைதிகளே!”

“நான் நடிக்கல! என் புள்ள தண்ணியில கீது!”

“எல்லாப் பிள்ளைகளும் எங்கள் கப்பலில்!”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் கத்திக் கேட்டிருக்கிறேன். என் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வரும் என்று தெரியாது. அறைக்குள் சிரிப்பு மெல்ல நின்றது. என் கணவர் டார்ச் வாங்கி என் முகத்தில் வெளிச்சம் அடித்தார். அதுவரை அவருக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அரை நிமிஷம் பார்த்தார். டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு, பின்னால் நகர்ந்து, கதவில் தோளைக் கொடுத்து மோதினார். இரண்டாவது முறை இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். நான்காவது முறை புதுத் தாழ் பழைய மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. திட்டில் ஒரு படகு ஏறியிருந்தது. ஒன்பது குழந்தைகள் மணலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு படகு அங்கே இல்லை. திட்டின் வடக்கு முனையைத் தாண்டி, தண்ணீர் கறுத்திருக்கும் ஆழத்தில், சுற்றிக்கொண்டே கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் முகத்துவாரம். வெளியே போகும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் மோதி வெள்ளையாக உடைவது கரையிலிருந்தே தெரிந்தது.

அண்ணன் கழியை ஊன்றினான். கழி முழுக்க உள்ளே போனது. தரை எட்டவில்லை.

ஒருங்கிணைப்பாளர் அப்போதுதான் திரும்பி ஏரியைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். இந்தக் காலத்தில் யாருடைய நம்பரும் மனதில் இருப்பதில்லை. எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் போன் வாங்கியபோது நான் மனப்பாடம் செய்த நம்பர். இப்போது அது அண்ணி கையில் இருந்தது. அந்த நேரம் அண்ணி துறையில் மீன் ஏலம் போடும் இடத்தில் இருப்பாள்.

“அண்ணி, அண்ணன் படகு முகத்துவாரத்துக்குப் போவுது. இன்ஜின் இல்ல. புள்ளைங்க கீறாங்க.”

போனைக் கட் செய்யாமலே அண்ணி போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ ஓடினார்கள். எங்கேயோ இன்ஜின் உறுமி நின்றது. மறுபடி உறுமியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கரையிலிருந்து பார்த்ததுதான். குரல் கேட்காத தூரம். படகில் ஒரு சின்னப் பையன் எழுந்து நின்றான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் கழியைத் திருப்பி அவன் தோளில் அடித்தான். பையன் மடங்கி விழுந்தான். என் பக்கத்தில் நின்ற ஒரு தாய் வீறிட்டாள். பிறகு அண்ணன் இடுப்பிலிருந்து மீன் வெட்டும் கத்தியை உருவிக்கொண்டு குழந்தைகளிடம் குனிந்தான்.

கரையில் நின்றவர்களுக்குப் பைத்தியம் பிடித்தமாதிரி ஆனது. “என்ன பண்றான்? என்ன பண்றான் அவன்?” இரண்டு பேர் தண்ணீரில் இறங்கி ஓடினார்கள். என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குக் கயிறு வேண்டும். கயிறு அவர்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்க நேரமில்லை.

இரண்டு இடத்தில் வெட்டி நீளமான துண்டை எடுத்தான். ஒரு நுனியைப் படகின் மூக்கில் கட்டி, மறுநுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தான். கறுப்பு அங்கி தண்ணீரில் விரிந்தது. ஆழத்தின் விளிம்பில் வலை கட்டுவதற்காக நட்ட கழிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் கடைசிக் கழியை நோக்கி நீந்தினான். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. தலை தெரிந்தது, மறைந்தது. படகு அவனைத் தாண்டிப் போனது. அண்ணன் முடிந்தான் என்று நான் நினைத்தேன். அந்த நிமிஷத்தில் என் மகளைப் பற்றிக்கூட நினைக்கவில்லை.

பிறகு கயிறு விறைத்துத் தண்ணீருக்கு மேலே எழும்பியது. படகு ஒரு வெட்டு வெட்டித் திரும்பி நின்றது. கழி வில் மாதிரி வளைந்தது. அண்ணன் கயிற்றை அதில் சுற்றிவிட்டு, அந்தக் கழியை இரண்டு கையாலும் காலாலும் கட்டிப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணி அனுப்பிய இன்ஜின் படகு போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று சரியாகத் தெரியாது. கால் மணி நேரம் இருக்கும் என்று என் கணவர் சொல்கிறார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கழி சாயச் சாய நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினோரு குழந்தைகளும் கரைக்கு வந்தார்கள். என் மகளின் மணிக்கட்டில் கயிறு உரசித் தோல் போயிருந்தது. அவள் அழவில்லை. நான் கட்டிக்கொண்டபோது மரக்கட்டை மாதிரி நின்றாள். உதடு நீலமாக இருந்தது. துண்டால் துடைத்து, நாடி பார்த்து, மற்றக் குழந்தைகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். அடிபட்ட பையனுக்கு எலும்பு முறியவில்லை. தோளில் கழியின் தடம் கன்றியிருந்தது.

அண்ணன் கடைசியாக இறங்கினான். மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. நெஞ்சிலும் தொடையிலும் கழியில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்து ரத்தம். அந்தப் பையனின் அப்பா நேராகப் போய் அவன் கன்னத்தில் அறைந்தார். “என் பையனை அடிக்கறியா? கத்தியக் காட்டறியா?” அண்ணன் கையைத் தூக்கவில்லை. மறுபடி அடிக்கப் போனபோது என் கணவர் குறுக்கே போய் நின்றார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன்.

“அவரு என் மச்சான். அடிக்கணும்னா என்னை அடிங்க. ஆனா அவரு புடிச்சினு தொங்கின அந்த வலைக் கழியை ஒரு தடவை பாத்துட்டு அடிங்க.”

பார்க்க ஒன்றுமில்லை. அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. எல்லோரையும் எடுத்த கொஞ்ச நேரத்தில் கழி பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் பெண் போனை நீட்டினாள். “அக்கா, இது உங்க ஊரு இல்ல?” டிரோன் எடுத்த படம். பத்துப் பன்னிரண்டு நொடி. முகத்தில் மை பூசிய ஒருவன், கையில் கயிறு சுற்றிய குழந்தையைக் கழியால் அடிக்கிறான். கத்தியை உருவுகிறான். அங்கேயே படம் முடிகிறது. சத்தம் இல்லை. கீழே, பழவேற்காட்டில் குழந்தைகளைக் கடத்திக் கொடுமை செய்யும் படகோட்டி என்று எழுதியிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ அண்ணனின் படத்தைத் தனியாக வெட்டி, இவனைக் கண்டால் விடாதீர்கள் என்று போட்டார்கள்.

ஒரு வாரம் அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மீன் வாங்க வந்த வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் துறையில் அவனை விசாரித்ததாக அண்ணி சொன்னாள். மீன் வாங்காமலே போனார்களாம். அதற்குப் பிறகு தெருவில் பைக் சத்தம் நின்றால் அண்ணி கதவைச் சாத்தினாள். போலீஸ் இரண்டு முறை கூப்பிட்டு விட்டார்கள். அறக்கட்டளைக்காரர்கள், படகோட்டி சொன்ன எல்லையைத் தாண்டிப் போனான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது முறை அவனோடு நானும் போனேன். அங்கே ஒருங்கிணைப்பாளர் பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முழுப் படமும் அவளிடம் இருந்தது. காத்திருக்கச் சொன்னது, இன்ஜினைக் கழற்றச் சொன்னது, கயிறு சுற்றச் சொன்னது எல்லாம் நான்தான் என்று தானே சொல்லிவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். அதிகாரி படத்தைக் கடைசி வரை பார்த்தார். கழியில் அண்ணன் தொங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அண்ணனுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். பூட்டிய அறைக்குள்ளிருந்து அவள் குரலைக் கேட்டபோது அவள் மேல் எனக்கு இருந்த கோபம், அவள் எழுந்து நின்றபோது இல்லாமல் போனது. முழுதாகப் போனது என்று சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டு நொடிப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் முழுப் படத்தைப் பார்க்கவில்லை. அது இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டில் நடந்தது வேறு. என் மகள் மாமா பேரை எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவன் போன் செய்தால் பேச மாட்டாள். ராத்திரியில் உளறவோ, சாப்பாடு மறுக்கவோ இல்லை. பள்ளிக்கூடம் போனாள், விளையாடினாள். அவன் மட்டும் வேண்டாம்.

பொங்கலுக்கு முதல் நாள் அண்ணன் நண்டு எடுத்துக்கொண்டு வந்தான். அவன் குரல் கேட்டதும் அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகப் பார்த்தேன்.

“வுடு பாப்பா,” என்றான் அண்ணன். “போவாத.”

“அவளுக்குப் புரியலண்ணா.”

“புரிஞ்சிக்கினு இன்னா பண்ணும்? அன்னிக்குப் படகுல எல்லாப் புள்ளைங்களுக்கும் ஆட்டம்னு நெனப்பு. எழுந்து ஆடுதுங்க. ஜாக்கெட் எடுக்கவும் போவ முடியல. சொன்னா கேக்கல, சிரிக்குதுங்க. அந்த நாடகக்காரன் ஒருத்தன் கூட வந்தான், அவன் வாந்தி எடுத்துக்கினு குந்திட்டான். அப்போதான் கத்துனேன். எழுந்தா வெட்டி மீனுக்குப் போட்டுருவேன், உங்க அம்மா அப்பா யாரும் இனிமே வரமாட்டாங்கன்னு கத்துனேன். நெசமா செய்வேன்னு நம்பணும் இல்ல? நம்புச்சிங்க. இவ என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை. அதான் எனக்கு மறக்கல.”

அவன் என்ன சொல்லிக் கத்தினான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. சனிக்கிழமை அந்த அறையில், அவங்க அம்மா நைனா வந்தாங்களா என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்த சில்லிட்ட விரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. எழுந்து அண்ணனுக்குக் காபி போட்டேன்.

காபி குடித்துவிட்டுப் புறப்பட்டான். கதவைத் தாண்டும்போது உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு அவள் வெளியே வந்தாள். பாத்திரத்தில் நண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அம்மா, மாமா அவனை அடிக்கலன்னா படகு கவிழ்ந்திருக்குமா?”

“கவிழ்ந்திருக்கும்.”

“எனக்குத் தெரியும்,” என்றாள். “ஆனா மாமா மாதிரி இல்ல அவரு. அன்னிக்கு வேற யாரோ மாதிரி இருந்தாரு.”

அடுப்பில் தண்ணீர் கொதித்துவிட்டது. நான் அவளை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு நண்டுகளை எடுத்தேன்.